அம்மாவோடு கப்சூல் ஹோட்டலில் நான்கு இரவு

போன யூலையில் சின்னம்மாவின் பேரனுடைய கலியாணத்துக்காக அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்துக் கொண்டாவிலில் இருந்து சிங்கப்பூர் போனோம். சின்னம்மாவின் அடுக்குமாடி வீட்டில் மூன்று அறைதான். கனடாவில் இருந்தும் அவுஸ்திரேலியாவில் இருந்தும் வந்த சனத்தோடு அது நிரம்பிவிட்டது. கூடத்தில் பாய் விரிக்கலாம் என்று சின்னம்மா சொன்னார். ஆனால் அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வருத்தம், நிலத்தில் படுத்தால் எழும்ப ஏலாது. நாங்கள் பார்த்த ஹோட்டல்களில் அறைக்கு நாளொன்றுக்கு 200 டொலருக்குக் கிட்டக் கேட்டார்கள். லிட்டில் இந்தியாவில் ஒரு கப்சூல் ஹோட்டலில் ஆளுக்கு 45 டொலர், பெண்களுக்கெனத் தனி அறையும் உண்டு. சரி என்று போட்டுவிட்டேன். வயதான ஆட்களைக் கூட்டிக்கொண்டு போக யோசிப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

"கப்சூல் எண்டால் குளிசை எல்லோ? குளிசைக்குள்ள என்னெண்டு பிள்ளை படுக்கிறது?" என்று அம்மா பஸ்ஸிலேயே கேட்டார். நேரில் பார்த்தால், பெரிய அலுமாரியின் தட்டுகள் மாதிரி மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு. ஒவ்வொன்றும் இரண்டு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம். உள்ளே நிமிர்ந்து இருக்கலாம், நிற்க முடியாது. மெத்தை, போர்வை, சின்ன லைற், காற்று வருகிற துவாரம், போனுக்கு ஒரு பிளக். அந்தப் பிளக்குக்குச் சதுர முள்தான் போகும், எங்களுடைய பழைய வட்ட முள் போகாது. வாசலில் இழுத்து விடுகிற திரை. பூட்டு இல்லை. பெட்டிகளை வெளியே லொக்கரில் வைத்துவிட்டுத் திறப்பைக் கையில் கட்டிக்கொள்ள வேண்டும். செருப்பை வாசலில் கழற்றச் சொன்னது மட்டும் அம்மாவுக்கு உடனே பிடித்துவிட்டது.

விமானம் விடியற்காலை இறங்கும், அறை பிற்பகல் மூன்று மணிக்குத்தான் தருவார்கள். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பெட்டிகளை அங்கே வைத்துவிட்டு, சிராங்கூன் றோட்டில் வீரமாகாளியம்மன் கோயிலில் நெடுநேரம் இருந்தோம்.

திரும்பி வந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் மேல்தட்டு. ஏணியில் நான்கு படி. அம்மா முதல் படியில் கால் வைத்துவிட்டு அப்படியே நின்றார். கீழ்த்தட்டுக் காலியில்லை என்று வரவேற்பில் இருந்த பிள்ளை கைவிரித்துவிட்டது. பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், திருச்சியில் இருந்து வேலை நேர்முகத்துக்கு வந்தவள், தன் போர்வையைச் சுருட்டிக்கொண்டு எழும்பினாள். "அம்மா கீழ படுத்துக்கட்டும், நான் மேல போயிக்கிறேன்" என்றாள். அம்மா அவளுக்குப் பயத்தம் பணியாரம் கொடுத்தார். கப்சூலுக்குள் சாப்பிடக்கூடாது என்பதால் பொதுக் கூடத்தில் இருந்து மூன்று பேரும் சாப்பிட்டோம். ஆகவே பதியும்போதே கீழ்த்தட்டு வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். எல்லா இடத்திலும் அந்தத் திருச்சிப் பிள்ளை இருக்காது.

நாங்கள் விட்ட பிழையையும் சொல்ல வேண்டும். சின்னம்மாவுக்கென்று வறுத்துத் திரித்த மிளகாய்த்தூள் மூன்று கிலோவை லொக்கரில் வைத்துவிட்டோம். இரவு அந்த அறை முழுக்க எங்கள் குசினி மணம். யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் ஒரு பெண் திரும்பத் திரும்பத் தும்மியதை நான் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். விடிந்ததும் முதல் வேலையாகத் தூளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைவிட மோசம் பொலித்தீன் பை. இருபது பேர் திரைக்குப் பின்னால் படுத்திருக்கிற அறையில் ஒரு பையைப் பிரித்தால் அடை மழை கூரைத் தகரத்தில் விழுகிற மாதிரிக் கேட்கும். மாற்று உடுப்பைத் துணிப் பையில் வையுங்கள். இன்னொன்று: அங்கே மணி எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால். அவர்கள் 12 மணிக்கு நித்திரை கொள்ளும்போது எங்களுக்கு ஒன்பதரைதான், கண் மூடாது.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

சிங்கப்பூரின் தேசிய நாள் ஓகஸ்ட் 9. அதற்கு முந்திய சனிக்கிழமைகளில் ஒத்திகை நடக்கும், போர் விமானங்களும் பறக்கும். எங்களுக்கு அது தெரியாது. பின்னேரம் அம்மா உள்ளே சரிந்து படுத்திருந்தார், நான் கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலால் ஒரு இரைச்சல், கட்டடமே அதிர்ந்தது. எனக்கே கை நடுங்கித் தேநீர் சிந்தியது. ஓடிப்போனேன். இரண்டு இரவும் திரையைக் கொஞ்சம் திறந்து வைத்துப் படுத்த அம்மா, அதை முழுக்க இழுத்து மூடியிருந்தார். விலக்கிப் பார்த்தால் லைற் இல்லை. முழங்கால் வருத்தக்காரி இரண்டு முழங்காலையும் நெஞ்சோடு மடித்துக்கொண்டு, முதுகைச் சுவரில் சாய்த்து, காதைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"உள்ளுக்கு வா பிள்ளை."

ஒருவருக்கான இடம் அது. நானும் தவழ்ந்து உள்ளே போய்ப் பக்கத்தில் ஒடுங்கினேன்.

1990இல், சண்டைக் காலத்தில், எனக்கு எட்டு வயது. கொண்டாவிலில் எங்கள் வளவு மாமரத்துக்குக் கீழே அப்பா 'ட' வடிவில் பங்கர், குண்டு விழும்போது பதுங்குகிற குழி, வெட்டினார். ரயில் நின்று போயிருந்தது. தண்டவாளத்தில் கழற்றிய சிலிப்பர் கட்டைகளை அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டார். குண்டு போடுகிற பொம்மர் விமானச் சத்தம் கேட்டால் அம்மா முதலில் என்னைத் தள்ளுவார், பிறகு தம்பியை, கடைசியாகத்தான் தான் இறங்குவார். ஈர மண் மணமும் பாம்பு இருக்குமோ என்ற பயமும் இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது. மாரியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும், அதற்குள்ளேயே இருப்போம். 35 வருடம் கழித்து, வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில், அம்மாவின் தோள் என் தோளில் அதேபோல முட்டிக்கொண்டிருந்தது.

திருச்சிப் பிள்ளைதான் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "ஒத்திகைம்மா, வேற ஒண்ணுமில்ல" என்று திரைக்கு வெளியே முழந்தாளிட்டுச் சொன்னது. அம்மா மெல்லக் கையைக் காதில் இருந்து எடுத்தார்.

"இது சிங்கப்பூர் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. கைகால்தான் கேக்கேல்லை."

கொஞ்ச நேரம் கழித்து மெத்தையைத் தடவிப் பார்த்து, "இதுக்குள்ள தண்ணி நிக்காது" என்றார். அன்றிரவு திரையை முழுக்க மூடித்தான் படுத்தார். அடுத்த நாள் சிலோன் றோட் செண்பக விநாயகர் கோயிலில் கலியாணம். எங்கள் ஊர்களில் இருந்து மலாயாவுக்குக் கந்தோர் வேலைக்கும் ரயில் வேலைக்கும் போன ஆட்களின் வழிவந்தவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அம்மா அதைச் சொல்லவில்லை.

சுன்னாகத்துத் தம்பியின் பதில்

அக்கா, வாசித்துவிட்டுக் கன நேரம் சும்மா இருந்தேன். எனக்கு வாய்த்தது ரோக்கியோவில். அங்கே நடுச்சாமத்தோடு ரயில் நின்றுவிடும், பிறகு விடிய ஐந்து மணியளவில்தான். கடைசி ரயிலைத் தவறவிட்ட ஆட்களுக்கு இந்த ஹோட்டல்கள் பெரிய உதவி. முதலாவது கப்சூல் ஹோட்டல் 1979இல் ஒசாகாவில் திறந்தது, வடிவமைத்தவர் கிஷோ குரோகாவா.

நான் தங்கிய இடத்தில் பொதுக் குளிப்பறை. எல்லோரும் உடுப்பில்லாமல்தான். கிணற்றடியில் சாரத்தோடு குளித்து வளர்ந்தவனுக்கு வாசலைத் தாண்டக் கால் வரவில்லை. ஒரு வயதானவர் என்னைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் சின்ன முக்காலியைக் காட்டினார், தான் அதில் இருந்து முழு உடம்பையும் கழுவிக் காட்டினார், பிறகு தொட்டிக்குள் இறங்கினார். நானும் அப்படியே செய்தேன். காலையில் என் தட்டுக்கு எதிர்த்தட்டில் இருந்து அவர்தான் கழுத்துப்பட்டியோடு இறங்கினார். ஒருவரையொருவர் குனிந்து வணங்கினோம்.

மானிப்பாயில் இருந்து ஒரு அக்கா

எனக்கு இது சரிவரவில்லை. கோலாலம்பூரில் திரையை மூடி ஐந்து நிமிடத்தில் மூச்சு முட்டியது. விடியும் மட்டும் வரவேற்புக் கூடத்துக் கதிரையில் இருந்தேன். அடைப்புப் பயம் உள்ளவர்கள் ஒரு இரவுக்கு மட்டும் பதிந்து பாருங்கள், என்னைப் போல மூன்று இரவுக்குக் காசு கட்டாதீர்கள். உங்கள் அம்மா முதல் இரண்டு இரவும் எப்படிச் சமாளித்தார்?

கொண்டாவில்

அக்கா, அம்மா துவாயை நான்காக மடித்துத் திரைக்கும் விளிம்புக்கும் இடையில் வைத்தார். ஒரு சாண் இடைவெளி இருக்கும், வெளி வெளிச்சம் கொஞ்சம் வரும். அந்த வழியால் கையை வெளியே விட்டுக்கொண்டுதான் நித்திரை கொண்டார். மேலே இருந்து எனக்கு அந்தக் கை தெரிந்தது.