மறு: ‘கிளேர்’ – திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுமத்தாருக்கு,
வீட்டு பூல் மேசைக்கு (கோலால் பந்தடித்துக் குழியில் தள்ளும் ஆட்டம்) மேலே தொங்கவிடும் விளக்கின் கையேட்டைத் தமிழாக்குகிறேன். திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. மேசைப்பரப்பிலிருந்து 30–36 அங்குல உயரம், குஷன் ஓரத்தில் நிழல் விழக்கூடாது, உலகப் பூல் பில்லியர்ட்ஸ் சங்கம் கேட்கும் 520 லக்ஸ் வெளிச்ச அளவு, எல்லாம் வந்துவிட்டது. இடறுவது ‘கிளேர்’ (glare). மூடியில்லாத பல்பைத் தொங்கவிட்டால், குனிந்து குறிபார்க்கும்போது நேரே கண்ணில் அடிக்கும். பந்தின் மண்டையில் வெள்ளைப் பொட்டு ஒன்று நிற்கும். ‘கூசொளி’ சரியா?
– க., கோவை

கூசுவது கண்ணா, ஒளியா? கூசொளி வினைத்தொகை, கூசும் ஒளி. புதுப்பெண் மாதிரி நாணி நிற்கும் விளக்கென்றல்லவா ஆகிறது! கண்ணைப் பறிப்பதால் ‘பறியொளி’ என்க.
– பெ., மதுரை

ஐயா, உண்கலம் என்கிறோமே, கலமா உண்கிறது? ‘காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை’ என்பது நன்னூல். பெயரெச்சம் கொள்ளும் ஆறு பொருளில் கருவியும் உண்டு. கண் கூசக் கருவியான ஒளி, கூசொளி. அப்புறம், பறி என்றால் எனக்கு மீன்பறிதான் நினைவுக்கு வருகிறது.
– வ., சென்னை

உண்கலமும் வேண்டாம், மீன்பறியும் வேண்டாம். ‘லைற் கண்ணில அடிக்குது’ எண்டுதான் நாங்கள் சொல்லுறது. ‘கண்ணில் அடிக்காத வெளிச்சம்’ எண்டு எழுதுங்கோ, லைற் பூட்டுற பெடியனுக்கும் விளங்கும்.
– சி., யாழ்ப்பாணம்

அது தொடர், கலைச்சொல் அல்ல. அட்டவணைத் தலைப்பில் எப்படிப் போடுவார்? ஊட்டியில் பிறந்த ஆட்டத்துக்கு ஒரு தமிழ்ச்சொல் இல்லையா?
– பெ.

ஊட்டி கிளப்பில் 1882-ல் விதிகள்தான் எழுதப்பட்டன. ஆட்டம் பிறந்தது 1875-ல் ஜபல்பூரில். அதுவும் ஸ்னூக்கர், ஐயா. இங்கே பேச்சு பூல்.
– வ.

ஞாயிறு இரவு மணி பதினொன்று. தலைப்பில் ‘கூசொளி’, உள்ளே ‘கண்ணில் அடிக்காமல்’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். அடுத்த பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது: மட்டமான பல்பின் கீழே 3-ம் எண் சிவப்புப் பந்தும் 7-ம் எண் அரக்குப் பந்தும் ஒன்றுபோலத் தெரியும். நிறத்தை உள்ளபடி காட்டும் அந்தத் திறனுக்கு ‘நிறமெய்ம்மை’ என்று எழுதியிருக்கிறேன். யாரையும் கேட்கவில்லை.
– க.

கூசொளிக்கு என் உடன்பாடு இல்லை எனப் பதிவு செய்க. நிறமெய்ம்மை பற்றித் தனி மடல் வரும்.
– பெ.