ஸ்னோ மூடிய வீடு: ஆஃபர் போடும் முன் எதைப் பார்ப்பது?

அஜாக்ஸ்_புதுசு
எல்லோருக்கும் வணக்கம். கனடாவில், டொராண்டோவுக்குப் பக்கத்து அஜாக்ஸில் ஒரு டிடாச்ட் (தனி) வீடு மனதுக்குப் பிடித்திருக்கிறது. தொண்ணூறுகளில் கட்டியது. நாங்கள் போன அன்று மைனஸ் 12. கூரை, டெக், பின்வளவு எல்லாம் ஸ்னோவுக்குக் கீழே. உள்ளே நன்றாகத்தான் இருக்கிறது, பேஸ்மென்டுக்கு முழுக்கப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் உறுத்துகிறது. அக்கம்பக்கத்துக் கூரைகளில் ஸ்னோ கனமாகக் கிடக்க, இந்த வீட்டில் மட்டும் இரண்டு இடத்தில் உருகி ஷிங்கிள் (கூரைத் தகடு) தெரிந்தது. பீலி (கூரைத் தண்ணீர் வடியும் வாய்க்கால்) விளிம்பில் கை நீளத்துக்குப் பனிக்கட்டி தொங்கியது. "அது வெயில் படுற பக்கம்" என்கிறார் ஏஜென்ட். ஏசியும் போட்டுப் பார்க்க விடவில்லை. நாளை இன்னொரு தடவை அரை மணித்தியாலம் பார்க்கலாம். வாங்கும் விலையை எழுதி ஆஃபர் போடும் முன் என்ன செய்யலாம்?

கூரை_வேலைக்காரன்
தம்பி, அதே பக்கம் பார்த்து நிற்கும் அடுத்த வீட்டிலும் உருகியிருந்தால்தான் அது வெயில். அங்கே ஸ்னோ அப்படியே கிடந்தால், உங்கள் வீட்டுச் சூடு மேலே கசிகிறது. கசிந்த சூட்டில் ஸ்னோ உருகி வழியும். கூரையின் விளிம்புக்குக் கீழே சூடு இல்லாததால் அங்கே வந்ததும் உறைந்து அணை மாதிரி நிற்கும். பின்னால் தேங்கும் தண்ணீர் ஷிங்கிளுக்கு அடியால் உள்ளே போகும். கோடையில் வீடு பார்க்கிறவனுக்கு இது தெரியவே தெரியாது, அந்த வகையில் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

நாளை அட்டிக் (கூரைக்கு அடியில் உள்ள வெற்றிடம்) மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மாடியில் ஏதாவது க்ளோசட்டுக்குள் இருக்கும். உள்ளே ஏற வேண்டாம், டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். கூரைப் பலகையில் கறுப்புப் புள்ளி இருக்கிறதா? ஆணி முனைகளில் வெள்ளையாகப் பனி பூத்திருக்கிறதா? பாத்ரூம் ஃபேனின் குழாய் வெளியே போகிறதா, அல்லது அட்டிக்குக்குள்ளேயே ஈரக்காற்றை ஊதுகிறதா? அடிக் கட்டைகளின் மேல்விளிம்பு தெரிந்தால் இன்சுலேஷன் போதாது. இப்போது புது வீடுகளுக்குப் பொதுவாக ஆர்-60 (சூட்டைத் தடுக்கும் அளவு) கேட்கிறார்கள், அந்தக் காலத்து வீடுகளில் ஏறக்குறைய அதில் பாதிதான்.

மார்க்கம்_அக்கா
எனக்குக் கூரையை விட அந்தப் புதுப் பெயின்ட்தான் பயம். நிலம் உறைந்து கிடக்கும்போது ஒழுகுகிற பேஸ்மென்டும் காய்ந்துதான் இருக்கும். பங்குனி, சித்திரையில் ஸ்னோ உருகும்போதுதான் குட்டு வெளிப்படும். பெயின்ட் அடித்த சுவரைப் பார்த்து நேரத்தை வீணாக்காமல், அடிக்காத இடத்துக்குப் போங்கள்: ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) அறை, கோல்ட் ரூம் (பேஸ்மென்டில் சூடு இல்லாத சாமான் அறை), படிக்குக் கீழே. கான்கிரீட்டில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைக் கோடு ஓடினால் தண்ணீர் வந்து போயிருக்கிறது. ஃபர்னஸின் அடித்தகடு துருப்பிடித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சம்ப் பம்ப் (பேஸ்மென்டுக் குழியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் பம்ப்) இருந்தால் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி ஓடுகிறதா என்று பார்க்கக் கேளுங்கள்.

வெளியே, பீலிக் குழாயின் வாய் எங்கே விடுகிறது என்று ஸ்னோவைக் காலால் தள்ளியாவது பாருங்கள். சுவரிலிருந்து ஆறடியாவது தள்ளி விட வேண்டும்.

அஜாக்ஸ்_புதுசு
நன்றி அண்ணா, அக்கா. ஏசி பற்றி யாருக்காவது தெரியுமா?

சட்டம்_கொஞ்சம்_தெரியும்
ஏசி விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி. வெளியே 15 பாகைக்குக் கீழே இருக்கும்போது ஓட்டினால் கம்ப்ரெசர் பழுதாகலாம். வாங்கும் முன் வீட்டைப் பரிசோதிக்கும் இன்ஸ்பெக்டரும் ஓட்ட மாட்டார். வெளி யூனிட்டின் தகட்டில் தயாரித்த ஆண்டு இருக்கும், படம் எடுத்து வையுங்கள்.

பார்க்க முடியாததை எழுத்தில் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ரிப்போர்ட்டில் "ஸ்னோ காரணமாகக் கூரை பார்க்கப்படவில்லை" என்று ஒரு வரி வரும், அதோடு சரி. க்ளோசிங் (வீடு கைமாறும் நாள்) அன்று ஏசி நல்ல நிலையில் இருக்கும் என்று ஆஃபரில் போடச் சொல்லுங்கள். ஆனால் மாசியில் க்ளோசிங் என்றால் அன்றும் போட்டுப் பார்க்க முடியாதே! ஆகவே அந்த உறுதி க்ளோசிங்குக்குப் பிறகும் ஒரு குறிப்பிட்ட திகதி வரை செல்லும் என்று வக்கீலைக் கொண்டு எழுதுங்கள். கூரை மாற்றியதாகச் சொன்னால் பில் கேளுங்கள். கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் பழைய கோடைப் படங்கள் இருக்கும், ஷிங்கிள் சுருண்டிருந்தால் ஓரளவு தெரியும்.

அஜாக்ஸ்_புதுசு
போய் வந்தோம். அட்டிக் மூடி பெயின்டால் ஒட்டிக் கிடந்தது, வீட்டுக்காரரிடம் கேட்டுத்தான் திறந்தோம். பலகை சுத்தம். பாத்ரூம் ஃபேன் குழாயும் ஒழுங்காக வெளியே போகிறது. ஆனால் உருகிய இரண்டு இடத்துக்கும் நேர் கீழே, மாடி அறைகளில் வரிசையாகப் பொட் லைட் (சீலிங்குக்குள் பதித்த விளக்கு)! அதைச் சுற்றி இன்சுலேஷனை ஒதுக்கி விட்டிருக்கிறார்கள், பக்கத்து ஆணிகளில் வெள்ளைப் பனி. கோல்ட் ரூமில் வெள்ளைக் கோடு ஒன்று, முழங்கால் உயரத்தில்.

கூரை_வேலைக்காரன்
பொட் லைட் பெரிய செலவில்லை. காற்றுக் கசியாத வகை மாற்றி, மேலே இன்சுலேஷன் ஊதினால் முடிந்தது. ஆனால் பெர்மிட் எடுத்துப் போட்டதா என்று கேளுங்கள். கரன்ட் வேலையைக் கண்டவர் செய்திருந்தால் அது வேறு கதை.

மார்க்கம்_அக்கா
முழங்கால் உயரமா? கோல்ட் ரூம் வாசல்படிக்குக் கீழே இருப்பதால் மேல் கான்கிரீட்டால் இறங்கியிருக்கலாம். அங்கே மட்டும் என்றால் பேரம் பேசலாம். இன்ஸ்பெக்டரிடம் ஈரம் அளக்கும் கருவியால் பெயின்ட் அடித்த சுவர்களின் அடியையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஸ்பெக்‌ஷன் கண்டிஷன் (பரிசோதனை சரியில்லாவிட்டால் விலகலாம் என்ற நிபந்தனை) இல்லாமல் மட்டும் ஆஃபர் போட்டுவிடாதீர்கள்.

சட்டம்_கொஞ்சம்_தெரியும்
இன்னொன்று. ஹாட் வாட்டர் டாங்க் வாடகையா என்று கேட்டீர்களா? வாடகைக் கம்பனிகள் அதற்காக வீட்டு உறுதியில் (பத்திரப் பதிவில்) நோட்டீஸ் பதிவதை ஒன்டாரியோ 2024 ஜூனில் தடை செய்துவிட்டது. ஆனால் வாடகை ஒப்பந்தம் உங்கள் தலையில் வரலாம். ஃபர்னஸ், ஏசிக்கும் அப்படித்தான். ஒப்பந்தத் தாளைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு ஆஃபர் போடுங்கள்.