வியாழன் மருந்து ஏத்துற நாள், மகனுக்குக் காய்ச்சல். கூட்டிக்கொண்டு போகலாமோ? அவசரம்

வெள்ளவத்தை_அம்மா | செவ்வாய் இரவு 9.12
எல்லாருக்கும் வணக்கம், அவசரமா கேக்கிறன். மகனுக்கு மூட்டு வருத்தத்துக்கு ஆஸ்பத்திரியில சேலைன் மாதிரி மருந்து ஏத்துறவை, எதிர்ப்புச் சக்திய குறைக்கிற மருந்து. நாளையிண்டைக்கு வியாழக்கிழமை திகதி குடுத்திருக்கினம். நேத்துப் பின்னேரத்தில இருந்து காய்ச்சலும் தடிமனும், இரவில இருமலும். பனடோல் குடுக்க குறையுது, திரும்ப வருது. வார்ட் நம்பருக்கு எத்தினையோ தரம் எடுத்திட்டன் ஒருத்தரும் தூக்கேல்ல. இண்டைக்கு வெளியில ஒரு லாப்ல சிஆர்பி, உள்ளுக்க தொற்றோ வீக்கமோ இருந்தா ஏறுற ரத்தச் சோதனை, செய்விச்சனாங்கள், 2 தான் வந்தது, நோர்மல் என்டு போட்டிருக்கு. போன முறை பத்து நாள் பிந்தினதுக்கே முழங்கால் வீங்கி பிள்ளை படி இறங்க ஏலாமல் இருந்தவன், அதால இந்தத் திகதிய விட மனமில்லை. பனடோல் குடுத்துக் காய்ச்சலை இறக்கிப்போட்டுக் கூட்டிக்கொண்டு போகலாமோ?

கொட்டாஞ்சேனை_ரவி | 9.20
என்ன மருந்து? வயசு? எத்தனை கிலோ?

ஷஹானா_தெஹிவளை | 9.22
காய்ச்சல் எவ்வளவு என்டு போடல்லயே தங்கச்சி. 99ஆ 102ஆ? எதால பாத்தீங்க?

பம்பலப்பிட்டி_மாமா | 9.31
இங்க ஒவ்வொரு கிழமையும் இதே மாதிரி அரைகுறைப் பதிவு. வயசு, நிறை, மருந்தின்ட பெயர், காய்ச்சல் அளவு, எத்தனையாம் நாள், இதெல்லாம் எழுதாமக் கேட்டா யார் என்ன சொல்லுறது? பரவாயில்ல, சிஆர்பி 2 என்டு போட்டிருக்கிறீங்க, அதுவே போதும். பக்டீரியா என்டா சிஆர்பி கட்டாயம் ஏறும். இது வெறும் வைரஸ் தடிமன். வைரசுக்கு ஏன் திகதிய விடோணும்? ரெண்டு வேளை பனடோல் குடுத்து வியாழன் காலமை கொண்டு போங்கோ. நான் 20 வருசமா ரிப்போட் பாக்கிறவன்.

மழைக்கால_டெங்கு | 9.36
முதல்ல டெங்கு பாருங்க. கொழும்புல இந்தச் சீசன்ல காய்ச்சல் என்டா டெங்கு இல்ல என்டு தெரியிற வரைக்கும் டெங்குதான். என்எஸ்1 என்ட டெங்கு ரத்தச் சோதனை முதல் அஞ்சு நாளுக்குள்ளதான் சரியாக் காட்டும், நாளைக்கே எடுங்க. புருபன் (ஐபுப்ரோஃபென்) மட்டும் குடுத்துடாதீங்க, டெங்கு என்டா ரத்தக்கசிவு கூடும்.

ஓய்வுபெற்ற_மிஸ் | 9.48
மகள், நான் பிள்ளைகள் வார்ட்ல நிறைய வருசம் வேலை செஞ்சனான். ரெண்டு விசயம் இப்பவே சொல்லுறன். ஒண்டு, பனடோல் குடுத்துக் காய்ச்சலை மறைச்சுக் கொண்டுபோய் வார்ட்ல சொல்லாம விடவே கூடாது. மருந்து ஏத்த முதல் சூடு பாக்கிறது ஒரு சடங்குக்கு இல்ல. உள்ளுக்க தொற்று இருக்கேக்க அந்த மருந்தை ஏத்தினா சாதாரண தொற்றும் வேகமாப் பெருத்திடும். ரெண்டு, ஒவ்வொரு முறையும் பனடோல் குடுக்க முதல் சூட்டை அளந்து நேரத்தோட எழுதி வையுங்கோ, அந்தத் தாள் டொக்டருக்குப் பெரிய உதவி. இப்ப இதுக்குப் பதில் சொல்லுங்கோ: மருந்தின்ட பெயர் என்ன, வேற என்ன குளிசை குடிக்கிறார், ஸ்டெரொயிட் இருக்கோ, வகுப்பில ஆருக்கும் கொப்பளிப்பான் வந்ததோ, சலம் ஒழுங்காப் போறாரோ?

வெள்ளவத்தை_அம்மா | 10.05
மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அவசரத்தில விட்டிட்டன். 7 வயசு, 21 கிலோ. கிளினிக் புத்தகத்தில டொசிலிசுமாப் என்டு எழுதியிருக்கு, 4 கிழமைக்கு ஒருக்கா. வெள்ளிக்கிழமையில மெத்தோட்ரெக்சேட் 4 குளிசை, மற்ற நாளில போலிக் அசிட். ஸ்டெரொயிட் மார்கழியில நிப்பாட்டினவை. காய்ச்சல் நெத்தியில பிடிக்கிற மெசின்ல 99.8 காட்டினது. பனடோல் சிரப் 5 மில்லி, 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கா. கொப்பளிப்பான் ஆருக்கும் வந்ததாத் தெரியேல்ல. சலம் போறான்.

ஷஹானா_தெஹிவளை | 10.11
நெத்தி மெசின் ஃபேனுக்குக் கீழ பிடிச்சா குறைச்சுத்தான் காட்டும், எங்கட வீட்டுலயும் அப்படித்தான் ஏமாந்தம். ஃபேன நிப்பாட்டிட்டு டிஜிட்டல் ஒண்டை கமக்கட்டுக்க வச்சி, சத்தம் வரும் வரைக்கும் கைய உடம்போட அணைச்சுப் பிடிங்கோ. 38க்கு மேல, அதாவது 100.4க்கு மேல போனா எப்ப என்டாலும் வரச்சொல்லித்தான் எங்களுக்குச் சொல்லி ஈக்கி. எங்கட மகளுக்கும் இதே ஊசிதான், ரெண்டு வருசமா.

பாமசி_அண்ணா | 10.19
அக்கா, சிரப் போத்தல்ல 5 மில்லியில 120 மில்லிகிராம் என்டுதானே இருக்கு? அப்படி என்டா 21 கிலோ பிள்ளைக்கு அது காணாது. ஒரு கிலோவுக்கு 10ல இருந்து 15 மில்லிகிராம், அதாவது ஒரு வேளைக்கு 210க்கும் 315க்கும் இடையில, சிரப்ல கிட்டத்தட்ட 9ல இருந்து 13 மில்லி. 24 மணித்தியாலத்துக்க 4 தரத்துக்கு மேல வேணாம். தேக்கரண்டியால இல்ல, ஊசி மாதிரி இருக்கிற அளவுக் குழாயால எடுங்க. மெத்தோட்ரெக்சேட் குடிக்கிற பிள்ளைக்கு டொக்டரிட்ட கேக்காம கடையில அன்டிபயோடிக் வாங்கவே வேணாம். கோட்ரைமொக்சசோல் என்ட ஒண்டு இருக்கு, அதோட சேர்ந்தா ரத்த அணுக்கள் ஆபத்தா விழும்.

கொட்டாஞ்சேனை_ரவி | 10.24
டொசிலிசுமாப் என்டா மாமா சொன்ன சிஆர்பி கணக்கு அப்படியே பிழைக்குதே. சிஆர்பிய ஈரல்தான் செய்யுது, செய்யச் சொல்லி சிக்னல் குடுக்கிறது ஐஎல்-6 என்ட ஒரு புரதம். இந்த ஊசி அந்த ஐஎல்-6 வேலை செய்யிற வழியையே அடைக்குது. அப்ப உள்ளுக்க நல்ல தொற்று இருந்தாலும் சிஆர்பி 2லயே நிக்கலாம். காய்ச்சல் கூட பெருசா ஏறாம இருக்கலாம். இன்பிளிக்சிமாப் மாதிரி வேற மருந்தா இருந்தா கதை வேற, அதாலதான் முதல்ல பெயர் கேட்டேன். அக்கா, அந்த 2 என்ட நம்பரை நம்பி வீட்டுல இருக்காதீங்க.

பம்பலப்பிட்டி_மாமா | 10.40
நான் சொன்னது பொதுவான விதி. மருந்தின்ட பெயரை முதலே எழுதியிருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பன்.

மழைக்கால_டெங்கு | 10.44
இன்னொண்டு. டெங்குலயும் வெள்ளை அணு, பிளேட்லெட் இறங்கும், இந்த ஊசியாலயும் ரெண்டும் இறங்கலாம். எஃப்பிசி, அதான் ரத்த அணுக்கள எண்ணுற சோதனை, எடுத்தா போன மாச ரிப்போட்டையும் பக்கத்துல வச்சுத்தான் பாக்கணும், பழைய பேப்பரெல்லாம் கொண்டு போங்க. 2017ல இந்த நாட்டுல 1 லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேல டெங்கு பதிவாச்சு, அந்த வருசம் எங்கட ஒழுங்கையில மட்டும் நாலு வீட்டுல படுத்தாங்க.

கடலோரம் | 10.52
டெங்கு என்டா பயப்பட வேணாம், பப்பாசி இலைச் சாறு ரெண்டு கரண்டி காலமை பின்னேரம் குடுங்க. எங்கட அப்பாவுக்கு பிளேட்லெட் 40 ஆயிரத்துக்கு இறங்கி, சாறு குடுத்து ரெண்டாம் நாள் 90 ஆயிரம். அதோட சீந்தில் கசாயமும் குடுங்க, எதிர்ப்புச் சக்தி கூடும்.

கொட்டாஞ்சேனை_ரவி | 10.55
எதிர்ப்புச் சக்தி உடம்பையே கடிக்குதுன்னுதான் மருந்து ஏத்துறாங்க, அதைக் கூட்டச் சொல்லுறீங்களே. சீந்தில் குடிச்சு ஈரல் பழுதான ஆக்கள் பற்றி 2021ல மும்பையில இருந்து டொக்டர்மார் எழுதினாங்க. மெத்தோட்ரெக்சேட்டும் ஈரலைப் பாத்துப் பாத்துக் குடுக்கிற மருந்து.

கடலோரம் | 11.02
எங்கட பாட்டன் பூட்டன் எல்லாம் குடிச்சதுதான். இங்கிலீஷ் மருந்துக்குப் பக்கவிளைவே இல்லையா? பப்பாசி இலையால எங்கட அப்பா தப்பினத நான் கண்ணால பாத்தனான்.

மழைக்கால_டெங்கு | 11.07
தம்பி, அப்பா தப்பினது சந்தோசம். ஆனா டெங்குல ஆளைக் கொல்லுறது பிளேட்லெட் குறையிறது மட்டும் இல்ல, ரத்தக் குழாய்ல இருந்து நீர் கசியிறதுதான், அதுவும் காய்ச்சல் விடுற நேரத்துல. அந்தக் கட்டம் தாண்டினா பிளேட்லெட் தானாவே ஏறும். சாறு குடுத்த நாளும் அதுவும் ஒண்டா வந்திருக்கும். சின்னப் பிள்ளை அந்தக் கசப்பைக் குடிச்சு சத்தி எடுத்தா உள்ள தண்ணியும் போயிடும்.

கடலோரம் | 11.10
எல்லாத்தையும் மறுக்கிற ஆக்களோட கதைச்சுப் பிரயோசனம் இல்ல.

பம்பலப்பிட்டி_மாமா | 11.15
ரெண்டு பேரும் வேற இழை திறந்து கதையுங்கோ. இது அந்தப் பிள்ளையின்ட இழை.

ஓய்வுபெற்ற_மிஸ் | 11.21
மகள், நித்திரை கொள்ளாமல் இருக்கிறீங்கள் என்டா கேளுங்கோ. கமக்கட்டில 38 தாண்டினா விடியும் வரைக்கும் பாக்க வேண்டாம், இரவிலயே வெளிக்கிடுங்கோ. வார்ட் போன் தூக்கேல்ல என்டா ஈடியூக்கு, அதான் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, நேராப் போகலாம், "டொசிலிசுமாப், மெத்தோட்ரெக்சேட் குடிக்கிற பிள்ளை" என்டு வாசல்லயே சொல்லுங்கோ, சும்மா தடிமன் காய்ச்சல் என்டு வரிசையில இருக்க வேண்டாம். பிள்ளை சோர்ந்து எழும்பாமல் கிடந்தா, மூச்சு வேகமா வாங்கினா, கை கால் குளிர்ந்தா, 6 மணித்தியாலமா சலம் போகாட்டி, விடாமல் வயித்து நோ என்டா 1990க்கு எடுங்கோ, சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்ல. மெத்தோட்ரெக்சேட் வெள்ளிக்கிழமை குடுக்கிறதோ விடுறதோ என்டும் டொக்டரிட்ட கேளுங்கோ, காய்ச்சலோட அனேகமா ஒரு கிழமை நிப்பாட்டச் சொல்லுவினம். போன முறை முழங்கால் வீங்கினதையும் சொல்லுங்கோ, அப்பதான் எப்ப ஏத்துறது என்டு கணக்குப் பாத்து திகதி தருவினம். வீட்டில வேற சின்னப் பிள்ளை இருக்கோ?

வெள்ளவத்தை_அம்மா | 11.34
ஃபேன் நிப்பாட்டி கமக்கட்டில வச்சுப் பாத்தன். 101.1. நெத்தி மெசின் அதே நேரம் 99.6. வெளிக்கிடுறம். தங்கச்சிக்காரி இருக்கிறா, வாற மாசம் 18 மாச ஊசி.

ஷஹானா_தெஹிவளை | 11.36
அல்லாஹ் காப்பான், போயிட்டு வாங்கோ. போத்தல்ல தண்ணியும், கிளினிக் புத்தகமும், மருந்துப் பெட்டியும் மறக்காதீங்கோ.

ஓய்வுபெற்ற_மிஸ் | 11.39
பிறகு வாசிக்கட்டும் என்டு எழுதுறன். 18 மாசத்தில ஊசியோட போலியோ சொட்டும் வாயில விடுறவை. அது உயிருள்ள கிருமி, மலத்தோட சில கிழமைக்கு வெளியேறும். அண்ணாவுக்கு இந்த மருந்து போகுது என்டு எம்ஓஎச் கிளினிக்கில, அதான் ஊசி போடுற சுகாதார கிளினிக்கில, முதலே சொல்லி, சொட்டுக்குப் பதிலா ஊசி போலியோ கேளுங்கோ. அண்ணாவுக்கும் எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசி), கொப்பளிப்பான் ஊசி மாதிரி உயிருள்ளது ஒண்டும் இப்ப போடக்கூடாது. ஃபுளு ஊசி போடலாம், அதில உயிர்க் கிருமி இல்ல.

ஷஹானா_தெஹிவளை | புதன் காலை 7.50
மிஸ் கொப்பளிப்பான் கேட்டது நல்லம். எங்கட மகள் பெருநாளைக்கு மச்சான்ட பிள்ளையோட விளையாடி, அடுத்த நாள் அந்தப் பிள்ளைக்குக் கொப்புளம் போட்டுது. நாங்க அண்டைக்கே கிளினிக்குக்குச் சொன்னதால உடனே பாதுகாப்பு ஊசி குடுத்தாங்க. கொப்புளம் வரட்டும் என்டு வேப்பிலையோட காத்திருந்தா பிந்தி ஈக்கும்.

கொட்டாஞ்சேனை_ரவி | புதன் மாலை 6.15
ஏதும் தகவல்?

வெள்ளவத்தை_அம்மா | வெள்ளி இரவு 8.47
என்எஸ்1 நெகட்டிவ். வலது காதுக்க தொற்று, பின்னுக்குச் சீழ் கட்டியிருந்ததாம், அவன் காது நோ என்டு ஒரு சொல்லும் சொல்லேல்ல. சிஆர்பி அங்க எடுத்ததும் 3 தான். அன்டிபயோடிக் நாளத்தால போகுது, மெத்தோட்ரெக்சேட் இண்டைக்கு விடச்சொன்னவை, மூட்டு மருந்து ஏத்துறதை அன்டிபயோடிக் முடிஞ்ச பிறகு பாப்பம் என்டவை. இன்னும் வார்ட்லதான். இரவு பால் குடிச்சவன். எல்லாருக்கும் நன்றி, மிஸ்சுக்கு விசேசமா.

மழைக்கால_டெங்கு | 8.55
நல்ல செய்தி. எஃப்பிசில வெள்ளை அணு எவ்வளவு வந்தது?

பம்பலப்பிட்டி_மாமா | 9.10
முழங்கால் எப்படி?

கொட்டாஞ்சேனை_ரவி | ஞாயிறு காலை 10.02
அக்கா, வீட்டுக்கு வந்துட்டீங்களா?