பள்ளிப் படிவத்தில் ‘இனம்’ என்ற இடத்தில் என்ன எழுதுவது? வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும்

வியாசர்பாடிக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். மனைவியோடும் மகளோடும் வேலை விசாவில் சென்னையிலிருந்து இங்கே வந்து சில வாரங்களே ஆகின்றன. மகளின் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் குடியுரிமை, இனம், முதல் மொழி என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். கடவுச்சீட்டில் இருப்பதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தவனுக்கு ‘இனம்’ என்ற இடத்தில் கை ஓடவில்லை. என் தாத்தா ரங்கூனில் பிறந்தவர். 1964இல் அங்கே கடைகளையெல்லாம் அரசுடைமையாக்கியபோது கப்பலேறி மதராசுக்கு வந்து, பர்மா பஜாரில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கியவர். பாட்டியின் தாயார் பர்மியப் பெண். என் மனைவியின் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், ஆனால் அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சென்னையிலேயே இருப்பவர்கள். அப்படியானால் என் மகள் யார்? தவறாக எழுதினால் நாளை விசா நீட்டிப்பில் பொய்த் தகவல் என்று பிடிப்பார்களோ என்ற பயத்தில் தூக்கமே இல்லை. மனைவிக்கு இது ஏழாம் மாதம்; அவளிடம் சொல்லி அவளையும் கலங்கவைக்க மனம் வரவில்லை.

மயிலாப்பூர்–ஸ்கார்பரோ:
தம்பி, வீணாக மனத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கனடாவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே முன்னோரின் இன, பண்பாட்டு மூலம் என்ன என்றுதான் கேட்கிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்டவற்றை எழுதலாம். நான் தமிழர் என்றும் இந்தியர் என்றும் இரண்டையும் எழுதினேன், யாரும் என்னை அழைத்து விசாரிக்கவில்லை. நான் வந்த முதல் பனிக்காலத்தில் எனக்கு இருந்த தொல்லையே வேறு. தமிழ் பேசினால் யாழ்ப்பாணமா, வல்வெட்டித்துறையா என்று கேட்பார்கள். மயிலாப்பூர் என்றால், தமிழ்நாட்டிலிருந்தும் இங்கே வருகிறார்களா என்று வியப்பார்கள். அடுப்பறை கூட இல்லாத நிலவறை வாடகை வீட்டில், தமிழரிடையே புதிய தமிழனாக நான் பட்ட தனிமையை இங்கே எழுதி முடியாது. நீங்கள் பர்மியரையும் சேர்த்து எழுதுங்கள், கொள்ளுப்பாட்டிக்குச் செய்யும் மரியாதையாக இருக்கும். வரப்போகும் குழந்தைக்கு வாழ்த்துகள். பிறந்த நொடியே குடியுரிமை வந்துவிடும், முதல் வேலையாகக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

அடையாறு திரும்பியவர்:
மேலே உள்ள ஆலோசனையை நான் ஏற்கவில்லை. அரசு தரும் பட்டியலில் ‘இந்தியர்’ என்று இருந்தால் அதை மட்டும் குறியிட்டுவிட்டு நகர வேண்டும். குடும்ப வரலாறு எழுதும் இடம் அதுவன்று. நான் நீண்ட காலம் நியூ ஜெர்சியில் இருந்தவன். அந்த நாட்டுக் கணக்கெடுப்பு 1970இல் இந்தியரை வெள்ளையரோடு சேர்த்து எண்ணியது, 1980இல்தான் ஆசிய இந்தியர் என்று தனிக் கட்டம் கொடுத்தது. பத்தாண்டுகளில் நம் தோலின் நிறமா மாறிவிட்டது? இந்தக் கட்டங்களெல்லாம் அவர்களுடைய நிர்வாக வசதிக்கானவை, நம் பரம்பரையை அளக்கும் கோல்கள் அல்ல. உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறொன்று. வேறு நாட்டுக் குடியுரிமையை நாமே விரும்பி ஏற்றால் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியக் குடியுரிமை அப்போதே முடிந்துவிடுகிறது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் இரட்டைக் குடியுரிமை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த அட்டையோடு அடையாற்றில் வாழும் நான் வாக்களிக்க முடியாது, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு காணி விளைநிலம் வாங்க முடியாது. பழைய கடவுச்சீட்டில் ‘ரத்து’ என்று முத்திரை குத்தித் திருப்பித் தந்த அன்று எனக்கு இருந்த மனநிலையைப் பற்றி எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஈஸ்ட் ஹாம் அக்கா:
தம்பி, நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. இங்கே லண்டனில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். படிவத்தில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர் எல்லாருக்கும் இடமுண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த எங்களுக்கோ ‘பிற ஆசியர்’ என்ற கடைசிக் கட்டம்தான். அதன் பக்கத்தில் உள்ள வெற்றிடத்தில் ‘தமிழர்’ என்று எழுதுவதை நான் ஒருபோதும் விட்டதில்லை. மருத்துவரின் பதிவேட்டில் அதை ‘இந்தியர்’ என்று மாற்றிவைத்திருந்தார்கள், நின்று திருத்தச் சொன்னேன். நாங்கள் கேட்டுக் கேட்டுப் பெறும் இடத்தை நீங்கள் ‘இந்தியர்’ என்று ஒரு கோடு போட்டுத் தாண்டிப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மலையகத்துப் பேரன்:
அக்கா, உங்களுக்குக் கடைசிக் கட்டமாவது இருந்தது. இலங்கைக் கணக்கெடுப்பில் 1911 முதலே இலங்கைத் தமிழர் வேறு, இந்தியத் தமிழர் வேறு. தேயிலைத் தோட்டத்தில் பிறந்த என் தாத்தா அங்கே இந்தியத் தமிழர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின்னர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லர். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். தாத்தா கோத்தகிரிக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த பெயர் ‘சிலோன்காரர்’. வேளச்சேரியில் வளர்ந்த நான் இப்போது தோகாவில் வேலை செய்கிறேன். இங்கே யாரும் இனம் கேட்டு அலட்டிக்கொள்வதில்லை, கடவுச்சீட்டின் நிறத்தைப் பார்த்தே சம்பளத்தை முடிவு செய்துவிடுகிறார்கள்.

அடையாறு திரும்பியவர்:
அரசியலைத் தொடங்கினால் பேச்சு முடிவுக்கு வராது.

மலையகத்துப் பேரன்:
ஐயா, விளைநிலம் வாங்க முடியவில்லை என்று நீங்கள் சொன்னது மட்டும் அரசியல் இல்லையா?

ஈஸ்ட் ஹாம் அக்கா:
அப்படிக் கேளுங்கள், தம்பி.

திருவொற்றியூர்–லெஸ்டர்:
கேள்வி கேட்டவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று அக்காவைத் தவிர யாரும் யோசிக்கவே இல்லை. அக்காவும் யோசித்துவிட்டுத் தம் கதைக்குப் போய்விட்டார். வியாசர்பாடி நண்பரே, நாடு எது, குழந்தை அங்கேயே பிறக்கப் போகிறதா, உங்கள் இருவரில் யாருக்காவது நிரந்தர வசிப்புரிமை உண்டா?

வியாசர்பாடிக்காரன்:
இங்கிலாந்து, அண்ணா. நான் திறன்சார் தொழிலாளர் விசாவில் இருக்கிறேன், மனைவியும் மகளும் சார்ந்தோர் விசாவில் இருக்கிறார்கள். பிரசவம் இங்கேதான்.

திருவொற்றியூர்–லெஸ்டர்:
அப்படியானால் முதலில் பள்ளிப் படிவத்தை முடித்துவிடுவோம். குடியுரிமை என்ற இடத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடி ‘இந்தியர்’ என்று எழுதுங்கள். பர்மாவுக்கும் அந்த வரிக்கும் தொடர்பில்லை. சொல்லப்போனால், பள்ளிக் கணக்கெடுப்பில் குடியுரிமையையும் பிறந்த நாட்டையும் 2016இல் கேட்கத் தொடங்கிய அரசு, எதிர்ப்புக்குப் பிறகு 2018இல் அதைக் கைவிட்டுவிட்டது. இனம் என்பது நீங்களே உங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. அதற்குச் சான்று கேட்கமாட்டார்கள், விருப்பமில்லாவிட்டால் சொல்ல மறுக்கவும் பெற்றோருக்கு உரிமை உண்டு. ‘இந்தியர்’ என்று குறியிட்டாலும் சரி, ‘பிற’ என்பதில் தமிழர் என்று எழுதினாலும் சரி, அதை வைத்து விசாவை யாரும் சோதிப்பதில்லை. எனவே அடையாற்று ஐயா சொன்னதும் அக்கா சொன்னதும் உங்கள் விருப்பத்தைப் பொறுத்தவை. இரண்டில் எதுவும் பொய்யாகாது.

நீங்கள் தூக்கம் கெட வேண்டியது இதற்காக அல்ல, ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன அந்த ஏழாம் மாதத்துக்காக. கனடா நண்பர் சொன்னது கனடாவுக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது. 1983 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ இந்த மண்ணில் பிறந்தாலும், தாய் தந்தையரில் ஒருவராவது பிரிட்டிஷ் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவராகவோ இருந்தால்தான் குழந்தைக்குப் பிறப்பிலேயே பிரிட்டிஷ் குடியுரிமை. உங்கள் குழந்தைக்கு அது வராது. இந்தியக் குடியுரிமையும் தானாகப் பதிவாகிவிடாது: பிறந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள், குழந்தையிடம் வேறு நாட்டுக் கடவுச்சீட்டு இல்லை என்ற உறுதிமொழியோடு, இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். ஓராண்டு தாண்டினால் மத்திய அரசின் அனுமதி வேண்டியிருக்கும். அதற்கு முன்னதாக, பிறந்த 42 நாளுக்குள் உள்ளூர்ப் பதிவாளரிடம் பிறப்பைப் பதிந்து சான்றிதழ் வாங்கிவிடுங்கள். குழந்தையோடு சென்னைக்கு வந்து திரும்புவதாக இருந்தால் அதற்கும் சார்ந்தோர் விசா எடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பும்போது விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். பின்னால் உங்களில் ஒருவருக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைத்ததும், விரும்பினால் குழந்தையைப் பிரிட்டிஷ் குடிமகனாகப் பதியலாம். அப்போது இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூர்–ஸ்கார்பரோ:
இங்கிலாந்து என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் கனடாவைப் பற்றி எழுதியிருக்கமாட்டேன்.

வியாசர்பாடிக்காரன்:
அண்ணா, மிக்க நன்றி. மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனம் என்ற இடத்தில் ‘இந்தியர்’ என்றே குறியிடச் சொல்கிறாள், பர்மாவைப் பற்றி மகளுக்கு நாமே சொல்லிக்கொள்வோம் என்கிறாள். ஆனால் முதல் மொழியில்தான் எங்களுக்குள் சிக்கல்: மகள் என்னோடு தமிழும் அம்மாவோடு தெலுங்கும் பேசுவாள், கட்டமோ ஒன்றுதான் இருக்கிறது.

திருவொற்றியூர்–லெஸ்டர்:
சிறுவயதில் முதலில் கேட்டு வளர்ந்து, இன்றும் வீட்டில் கேட்கும் மொழி எது என்பதே கேள்வி. இரண்டில் அவள் எதை அதிகம் பேசுகிறாளோ அதை எழுதிவிட்டு, மற்றொன்றை வகுப்பாசிரியரிடம் நேரில் சொல்லுங்கள். ஆங்கிலம் என்று மட்டும் எழுத வேண்டாம். அப்படி எழுதினால், வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்குப் பள்ளி தரக்கூடிய கூடுதல் உதவி அவளுக்குக் கிடைக்காமல் போகக்கூடும்.