பிரைமரியில் கட்சி கேட்கிறார்கள், தொகுதி எல்லை விஷயத்துக்கு மட்டும் ஓட்டுப் போட முடியாதா? (அவசரம்)

டப்ளின்வாசி | 2018 மே 4, பிற்பகல் 1:12
நண்பர்களே, கொஞ்சம் அவசரம். மதிய இடைவேளையில் பிரைமரிக்கு (கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) முன்கூட்டியே ஓட்டுப் போடப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மா அன்பாகத்தான் கேட்டார், எந்தக் கட்சி பேலட் (வாக்குச்சீட்டு) வேண்டும் என்று. தூக்கிவாரிப் போட்டது. நான் எந்தக் கட்சியும் இல்லை, சொல்லவும் விருப்பம் இல்லை, போதாததற்கு வரிசையில் எனக்குப் பின்னால் எங்கள் ஆபீஸ் மேனேஜர். பர்ஸைக் காரில் விட்டுவிட்டேன் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். எனக்குத் தொகுதி எல்லை வரைவது பற்றிய அந்த ஓட்டெடுப்புக் கேள்வி ஒன்றுக்கு மட்டும் போட்டால் போதும். முடியுமா முடியாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கண்ணம்மாபேட்டை | 1:20
டப்ளின் என்றால் அயர்லாந்தா? அங்கே மே 25 ஓட்டு கருக்கலைப்புச் சட்டம் பற்றி அல்லவா, தொகுதி எல்லை எங்கே வந்தது?

சான்ஹோசே சாமி | 1:26
அயர்லாந்தில் ஏதுங்க பிரைமரி. இவர் நம்ம பே ஏரியா டப்ளின். பயப்படாதீங்க ப்ரோ, கலிபோர்னியாவில் எல்லா வேட்பாளரும் ஒரே சீட்டில்தான் வருவார்கள், முதல் இரண்டு பேர் நவம்பருக்குப் போவார்கள், அதற்குக் கட்சி சொல்ல வேண்டியதே இல்லை. எல்லை வரையும் வேலையையும் 2008, 2010 ஓட்டெடுப்புகளிலேயே 14 பேர் கொண்ட குடிமக்கள் ஆணையத்திடம் கொடுத்தாச்சு. அதனால் நீங்கள் சொல்வது எனக்குப் புரியவில்லை. ஜூன் 5 தானே நமக்குத் தேர்தல்?

நியூஜெர்சி நாடோடி | 1:31
எந்த மாநிலமாக இருந்தாலும் பிரைமரி கட்சிக்காரர்களுக்குத்தான். எங்கள் ஊரில் கட்சி சாராதவர் என்று பதிந்திருந்தால் அன்றைக்கே கட்சி சொல்லிக் கையெழுத்துப் போட்டால்தான் சீட்டுத் தருவார்கள். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், வேறு வழியில்லை.

வரிக்குதிரை | 1:33
சிட்டிசனா, கிரீன் கார்டா? கிரீன் கார்டு என்றால் தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். பின்னால் நாடு கடத்துகிற அளவுக்குப் போய்விடும்.

மேப்_மாமா | 1:48
தம்பி, கேள்வி கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மாநிலம் இல்லை, கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இல்லை, மாதிரி பேலட்டைப் பார்த்தீர்களா என்பதும் இல்லை. இங்கே யாரும் ஜோசியம் பார்க்கவில்லை. அரசுத் தளத்தில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள், படிக்கத்தான் ஆளில்லை.

டப்ளின்வாசி | 2:05
ஓஹையோ. மே 8 தேர்தல் என்றால் தெரியும் என்று நினைத்தேன் (அதையும் சொல்லவில்லையோ, சரி). போன வருடம் சிட்டிசன் ஆனேன், பதிவு செய்தாச்சு. இப்போது மாதிரி பேலட் பார்த்தேன், அது இன்னும் குழப்பம். டிஸ்ட்ரிக்ட் 12 காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றத் தொகுதி) என்று ஒரே பதவி இரண்டு தடவை வருகிறது. அச்சுப் பிழையா?

பட்டியல் பாண்டி | 2:09
ஓஹையோவா! அப்படியென்றால் விஷயமே வேறு. அங்கே தொடர்ந்து சில தேர்தல்களுக்கு ஓட்டுப் போடாமல் இருந்தால் கடிதம் அனுப்பி, பதில் வராவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை நீக்கிவிடுகிறார்கள். ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் விசாரணை நடந்ததே, இன்னும் தீர்ப்பு வரவில்லை. உங்கள் பெயரை நீக்கியிருப்பார்கள், அதை மறைக்கத்தான் கட்சி கேட்டிருப்பார்கள்.

கொலம்பஸ்காரன் | 2:31
பாண்டி அண்ணா, அவர் பதிந்தே ஒரு வருடம்தான் ஆகிறது, அதற்குள் எப்படி நீக்குவார்கள்? எல்லா இழையிலும் இதையே கொண்டு வருகிறீர்கள்.

டப்ளின்வாசி, பதற வேண்டாம், முடியும். ஓஹையோவில் வாக்காளராகப் பதியும்போது கட்சியே கேட்பதில்லை. பிரைமரி அன்று எந்தச் சீட்டு வாங்குகிறீர்களோ அதுதான் கணக்கு. இந்தத் தடவை டெமாக்ரட், ரிபப்ளிகன், கிரீன் என்று மூன்று கட்சிச் சீட்டு. நான்காவதாக 'இஷ்யூஸ் ஒன்லி' என்று ஒன்று உண்டு. அதில் வேட்பாளர் யாரும் இருக்க மாட்டார்கள், இஷ்யூ 1-உம் (நீங்கள் கேட்ட தொகுதி எல்லை விஷயம்) உங்கள் ஊருக்கு வரி விஷயம் ஏதாவது இருந்தால் அதுவும் இருக்கும். "இஷ்யூஸ் ஒன்லி பேலட் ப்ளீஸ்" என்று சொன்னால் போதும், ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

உங்கள் மேனேஜர் விஷயத்துக்கு: யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். எந்தக் கட்சிச் சீட்டு வாங்கினீர்கள் என்பது ரகசியம் இல்லை, பொதுப் பதிவில் ஏறும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதனால் உங்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது.

எந்தக் கவுண்டி? டப்ளின் பிராங்க்ளின், டெலவேர், யூனியன் மூன்றிலும் பரவிக் கிடக்கிற ஊர்.

வரிக்குதிரை | 2:36
12 என்று வந்தால் யூனியன் இல்லை, யூனியன் முழுக்க 4-ஆவது தொகுதி. பிராங்க்ளின் அல்லது டெலவேர்.

கொலம்பஸ்காரன் | 2:40
ஆமாம், சரிதான். இரண்டு தடவை வருவது பிழை இல்லை. இந்தத் தொகுதி உறுப்பினர் பாட் டிபெரி ஜனவரியில் பதவி விலகினார் அல்லவா, அவருடைய மிச்சக் காலத்துக்கு ஒரு சிறப்புத் தேர்தல், அதற்கான பிரைமரி ஒன்று. அடுத்த ஜனவரியில் தொடங்கும் முழுப் பதவிக்காலத்துக்கு வழக்கமான பிரைமரி இன்னொன்று. இரண்டும் ஒரே நாளில். ஒருவர் பெயரே இரண்டு இடத்திலும் இருக்கலாம், இரண்டிலும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். இஷ்யூஸ் ஒன்லி வாங்கினால் இரண்டுமே வராது.

நியூஜெர்சி நாடோடி | 2:44
கட்சிச் சீட்டு வாங்கினால் இஷ்யூ 1 அதில் இருக்காதா? அப்படித்தான் நான் கேள்விப்பட்டேன்.

மேப்_மாமா | 2:51
தவறு. எல்லாச் சீட்டிலும் இருக்கும். கேள்விப்பட்டதை எழுதாதீர்கள் என்று எத்தனை முறை சொல்வது?

அதோடு தம்பி ஒரு விஷயத்தை யோசிக்கவில்லை. எல்லையைக் கட்சிக்காரர்கள் தங்களுக்குத் தோதாக வரைந்த தொகுதிகளில் நவம்பர் வெறும் சடங்கு, உண்மையான தேர்தல் இந்த மே மாதம்தான். 2012-இல் இதே மாநிலத்தில் ஒபாமா ஜெயித்தார், 16 காங்கிரஸ் இடங்களில் 12 ரிபப்ளிகனுக்குப் போனது. 2014, 2016 இரண்டிலும் அதே 12-4. டொலிடோவிலிருந்து கிளீவ்லாந்து வரை ஏரிக்கரையை ஒட்டி ஒரு தொகுதியை இழுத்தார்களே, ஏரிமேல் பாம்பு என்றே அதற்குப் பெயர். அதில் டெமாக்ரட் உறுப்பினர்கள் காப்டரையும் குசினிச்சையும் ஒரே இடத்துக்கு மோதவிட்டு ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இஷ்யூஸ் ஒன்லி வாங்கிக்கொண்டு, இந்த அநியாயத்தை எதிர்த்துவிட்டேன் என்று நீங்கள் வீட்டுக்குப் போகலாம். உங்கள் உறுப்பினர் யார் என்பதை அன்றைக்கே வேறு யாரோ முடிவு செய்திருப்பார்கள்.

கொலம்பஸ்காரன் | 3:02
மாமா சொல்கிற தொனி பிடிக்கவில்லை, விஷயம் சரி. ஆனால் அது அவர் முடிவு. கட்சி சொல்ல விருப்பமில்லை என்றுதானே கேட்டார், அதற்குப் பதில் இருக்கிறது.

வரிக்குதிரை | 3:10
இஷ்யூ 1 என்னதான் சொல்கிறது? என் வீட்டுக்காரர் இரண்டு கட்சியுமே ஆதரிக்கிறது என்கிறார், அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

கொலம்பஸ்காரன் | 3:38
சுருக்கமாக. சட்டமன்றம்தான் முதலில் வரையும், ஆனால் இரண்டு அவையிலும் ஐந்தில் மூன்று பங்கு வேண்டும், அதில் இரண்டு பெரிய கட்சியிலும் பாதிப் பேராவது சேர்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் அது பத்து வருடம் நிற்கும். முடியாவிட்டால் ஆளுநர், தணிக்கையாளர், மாநிலச் செயலாளர், நான்கு உறுப்பினர்கள் என்று ஏழு பேர் ஆணையம், அங்கேயும் சிறுபான்மைக் கட்சி இரண்டு பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். அதுவும் நடக்கவில்லை என்றால் திரும்பச் சட்டமன்றம். எல்லாம் தவறினால் ஒரே கட்சி தனியாக வரைந்துகொள்ளலாம், ஆனால் நான்கு வருடம்தான் செல்லும். 88 கவுண்டிகளில் 65-ஐப் பிரிக்கவே கூடாது, 18-ஐ ஒரு தடவை, 5-ஐ மட்டும் இரண்டு தடவை பிரிக்கலாம்.

பட்டியல் பாண்டி | 3:44
அந்தக் கடைசிப் படிதான் ஓட்டை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நேராக அங்கேதான் போய் நிற்பார்கள்.

மேப்_மாமா | 3:52
இதையெல்லாம் இந்தியாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். அங்கே எல்லை வரைவது ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் மறுவரையறை ஆணையம். எந்த எம்.எல்.ஏ.வும் பென்சிலைத் தொட முடியாது.

புதுகைப் பையன் | 4:07
மாமா, நான் புதுக்கோட்டைக்காரன், எங்களிடம் இந்தக் கதையா? 2008-இல் வரைந்த வரைபடத்தில் எங்கள் மக்களவைத் தொகுதியே காணாமல் போனது. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சிக்கு, விராலிமலை கரூருக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. ஒரு மாவட்டத்துக்கு நான்கு எம்.பி., எங்கள் எம்.பி. என்று சொல்ல ஒருவர் இல்லை. ஆணையம் போட்ட உத்தரவை எதிர்த்துக் கோர்ட்டுக்கும் போக முடியாது. இங்கே பாருங்கள், கவுண்டியை உடைக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதப் போகிறார்கள்.

மேப்_மாமா | 4:15
அது மக்கள்தொகைக் கணக்கு. கட்சி லாபத்துக்காக வரைந்ததும் இதுவும் ஒன்றா? உணர்ச்சிவசப்படாதீர்கள்.

புதுகைப் பையன் | 4:19
ரேஷன் கார்டுக்குப் புதுக்கோட்டை, எம்.பி.யிடம் மனுக் கொடுக்க ராமநாதபுரம். அறந்தாங்கியில் போய் அது கணக்கு என்று சொல்லிப் பாருங்கள்.

கண்ணம்மாபேட்டை | 4:26
இதைவிடப் பெரியது முன்னால் இருக்கிறது. மாநிலங்களுக்கு இடங்களைப் பிரிப்பது 1971 கணக்கெடுப்பில் உறைந்து நிற்கிறது, 2026-க்குப் பிறகு அவிழ்த்தால் நம் 39-க்கு என்ன ஆகும் என்று யாராவது யோசித்தீர்களா? குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்குத் தண்டனையா?

சான்ஹோசே சாமி | 4:30
அதற்கு ஏற்கெனவே இரண்டு இழை ஓடுகிறது, அங்கே போங்கள் ஐயா. இவர் கேட்டது ஓஹையோ. டப்ளின்வாசி, எப்போது மறுபடி போகப் போகிறீர்கள்? சனி, ஞாயிறு திறந்திருக்குமா?

கொலம்பஸ்காரன் | 4:41
சனி 8 முதல் 4 வரை, ஞாயிறு 1 முதல் 5, திங்கள் 8 முதல் 2 மணி வரைதான். செவ்வாய் என்றால் காலை 6:30 முதல் இரவு 7:30, ஆனால் உங்களுக்கு ஒதுக்கிய வாக்குச்சாவடிக்குத்தான் போக வேண்டும். அன்றைக்கு அடையாளம் காட்ட வேண்டும்: ஓஹையோ டிரைவர் லைசன்ஸ் (பழைய முகவரி இருந்தாலும் பரவாயில்லை), இல்லையென்றால் இப்போதைய முகவரி உள்ள கரண்ட் பில், பேங்க் ஸ்டேட்மென்ட். புதிதாகச் சிட்டிசன் ஆன எல்லோரும் பெருமையாகப் பாஸ்போர்ட்டைக் கொண்டு போகிறார்கள், அது செல்லாது, அதில் முகவரி இல்லை.

டப்ளின்வாசி | 2018 மே 7, பிற்பகல் 2:20
போட்டாச்சு. எல்லோருக்கும் நன்றி.

வரிக்குதிரை | 2:24
எந்தச் சீட்டு வாங்கினீர்கள்?

பட்டியல் பாண்டி | 2018 மே 9, காலை 7:15
நான்கில் மூன்று பேர் இஷ்யூ 1-க்கு ஆம் போட்டிருக்கிறார்கள். கடைசிப் படியை மறக்காதீர்கள்.

அக்ரான் அருவி | 2024 அக்டோபர் 19, இரவு 9:50
பழைய இழை, மன்னிக்கவும், தேடியபோது இதுதான் வந்தது. இஷ்யூ 1-க்கு எப்படிப் போடுவது? தொகுதி எல்லை பற்றியதுதான். சீட்டில் எழுதியிருப்பதைப் படித்தால் ஆம் போட்டால்தான் கட்சிக்குச் சாதகமாக வளைத்து வரைய வேண்டும் என்பது போல இருக்கிறது. என் தோழி அது தலைகீழ் என்கிறாள். கட்சியும் கேட்பார்களா?

மேப்_மாமா | 10:14
ஆறு வருடம் பழைய இழையைத் தோண்டுவதற்குப் பதில் புதிது திறக்கலாமே. இந்த மாநிலத்தில் எந்த வருடம் பார்த்தாலும் இஷ்யூ 1 தான். 2015, 2018 இரண்டிலும் தொகுதி எல்லை, 2023 ஆகஸ்டில் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு 60 சதவீதம் வேண்டும் என்றது, அந்த நவம்பரில் கருக்கலைப்பு, இப்போது மறுபடி எல்லை. வருடம் சொல்லாமல் கேட்டால் யாரும் தவறான பதில்தான் தருவார்கள்.

கொலம்பஸ்காரன் | 10:47
நவம்பரில் கட்சி கேட்க மாட்டார்கள், அது பிரைமரிக்கு மட்டும். உங்கள் தோழி சொல்வது சரி. இது அரசியல்வாதிகளை எடுத்துவிட்டு 15 பேர் குடிமக்கள் ஆணையம் வைப்பது: இரண்டு பெரிய கட்சிக்கும் ஐந்தைந்து, எதையும் சாராதவர்கள் ஐந்து. சீட்டில் இருக்கும் வாசகம் எதிர்ப்பாளர்கள் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று வழக்கே போட்டார்கள், மாநில உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டது. அந்த வாசகத்தை முடிவு செய்த வாரியத்துக்குத் தலைவர் மாநிலச் செயலாளர். இப்போது எல்லை வரைகிற ஆணையத்திலும் அவர் உறுப்பினர். மேலே நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அக்ரான் அருவி | 10:55
அப்போ 2018-இல் ஜெயித்தது என்னவாயிற்று?

பட்டியல் பாண்டி | 11:02
நான் சொன்ன ஓட்டைதான். 2021-இல் ரிபப்ளிகன் கட்சி மட்டும் தனியாக நிறைவேற்றிய நான்கு வருட வரைபடம், 2022-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதையும், அதன்பின் திருத்தி வரைந்ததையும் செல்லாது என்றது, தேர்தல் அந்தத் திருத்திய எல்லையிலேயே நடந்து முடிந்தது. 15 இடத்தில் 10-5.

கொலம்பஸ்காரன் | 11:20
இன்னொன்று, மேலே 2018-இல் நான் அடையாளம் பற்றி எழுதியதை நம்பிப் போய்விடாதீர்கள். 2023-இல் சட்டம் மாறிவிட்டது, கரண்ட் பில், பேங்க் ஸ்டேட்மென்ட் எதுவும் செல்லாது, போட்டோ உள்ள அடையாளம் கட்டாயம். பாஸ்போர்ட் இப்போது செல்லும். சிட்டிசன் ஆவதற்கு முன் லைசன்ஸ் வாங்கி அதை மாற்றாமல் வைத்திருந்தால் அதில் 'நான்சிட்டிசன்' என்று அச்சிட்டிருக்கலாம், அதைக் காட்டினால் சாவடியில் சிக்கல். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.