ஃபஜ்ர் விழாவும் காசு வாங்காத பெரியவரும்

டெஹ்ரானின் ஃபஜ்ர் திரைப்பட விழாவுக்கு யாராவது போயிருக்கிறீர்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் போயிருக்கிறேன். 2014இல், வேலை விஷயமாக அங்கே இருந்தபோது. 1979 புரட்சியின் ஆண்டு நாளையொட்டி அரசு நடத்தும் விழா அது. அதனால் பிப்ரவரி, அதனால் குளிர். ஆஸாதி சினிமா வாசலில் வரிசை நடைபாதை வரை வளைந்து கிடந்தது. 1997இல் எரிந்துபோய் 2008இல்தான் மறுபடி திறந்த தியேட்டர் அது.

எனக்கு முன்னால் நின்ற பெரியவரிடம் ஒரு டிக்கெட் கூடுதலாக இருந்தது. மகள் வரவில்லையாம். எவ்வளவு என்று கேட்டேன். "காபெலி நதாரே" என்றார். பக்கத்தில் நின்ற பையன், "ஒன்றும் வேண்டாம் என்கிறார்" என்று ஆங்கிலத்தில் விளக்கினான். சரி என்று நன்றி சொல்லிப் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் அலுவலகத்தில் இதைச் சொன்னதும் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பெயர் தாரோஃப். நாம் சாப்பிடும்போது யாராவது வந்தால் "வாங்க சாப்பிடலாம்" என்போமே, அந்த மாதிரி உபசாரம். நான் இரண்டு மூன்று தடவை மறுத்துவிட்டுப் பணத்தைக் கையில் திணித்திருக்க வேண்டுமாம்!

கியாரொஸ்தமி, மஜீதி படங்களைப் பார்த்துவிட்டு, ஈரான் படம் என்றாலே ஒரு சிறுவன், ஒரு மண்பாதை, நீண்ட அமைதி என்று நினைத்திருந்தவன் நான். உள்ளே போனால் விதை கொறிக்கும் சத்தம். திரையில் வாடகை வீட்டுச் சண்டை. சப்டைட்டில் கிடையாது. அரங்கமே விழுந்து விழுந்து சிரிக்கிறது, நான் மட்டும் முழிக்கிறேன். நம் ஊர் விழாக்களுக்கு வந்து சேர்வது யாரோ சலித்து அனுப்பிய ஒரு பிடிதான் என்று அப்போதுதான் உறைத்தது. பார்வையாளர் வாக்குக்கும் அங்கே ஸீமோர்க் விருது உண்டு. பாதி கதை புரியாமலேயே நானும் வாக்குச்சீட்டைப் போட்டுவிட்டு வந்தேன்.

*

டொராண்டோவிலிருந்து: யங் தெரு ஈரானியக் கடையில் எனக்கும் இதேதான் நடந்தது. இலவசம் என்று நம்பி ரொட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

*

நாகர்கோவில்காரன் நான். டெஹ்ரான் எங்கே, நான் எங்கே. எனக்குத் திருவனந்தபுரம்தான். 2022 டிசம்பரில் கேரள சர்வதேச விழாவின் தொடக்க நாள், நிசாகந்தி அரங்கில் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஈரான் இயக்குநர் மஹ்னாஸ் முகம்மதிக்கு விருது. பயணத் தடையால் அவரால் வர முடியவில்லை. தன் கூந்தலை வெட்டி அனுப்பியிருந்தார். விருதை அவர் சார்பில் வாங்கிய கிரேக்க இயக்குநர் அதீனா ரேச்சல் சங்காரி அதை மேடையில் தூக்கிக் காட்டினார். ஹிஜாப் சரியாக அணியவில்லை என்று ஈரானில் கைதான மஹ்சா அமினி காவலில் இறந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்த விழாவில் பார்த்த படங்களில் பாதி மறந்துவிட்டது, அந்தக் கற்றை முடி மறக்கவில்லை.

டெஹ்ரான் நண்பரே, இயக்குநர் ஜாஃபர் பனாஹி பெயர் அங்கே காதில் விழுந்ததா?

*

வரிசையில் யாரும் உரக்கச் சொல்லிக் கேட்கவில்லை. 2010லேயே 20 ஆண்டுக்குப் படம் எடுக்கத் தடை போட்டிருந்தார்களே. ஊருக்குக் கிளம்பும் அன்று அலுவலக நண்பர் ஒரு பென்டிரைவை நீட்டினார். உள்ளே பனாஹி படங்கள். எவ்வளவு தரவேண்டும் என்று இந்த முறை மூன்று தடவை கேட்டேன்.