சிவப்புத் தலை, சிவப்பு வால்: நீலப் பவளப்பாம்பை எட்ட நின்றே அடையாளம் காண்பது எப்படி?

தடங்காட்டி:
தீபகற்ப மலேசியாவில் காட்டு நடைக்கு வருகிறவர்களுக்காக ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். தலையும் வாலும் சிவப்பு, முதுகு கருநீலம் என்றால் உடனே நீலப் பவளப்பாம்பு என்கிறார்கள். செந்தலைக் கட்டுவிரியனும் அதே நிறம்தானே, தொடாமல் எப்படிப் பிரிப்பது? "வாய் சின்னது, மனிதரைக் கடிக்க முடியாது" என்ற வரியைச் சேர்க்கலாமா?

சருகுவாசி:
வாய் பற்றிய வரி வேண்டவே வேண்டாம். வாய் சிறியது, நச்சுப்பற்கள் குட்டை என்பது உண்மைதான். ஆனால் விரலிலோ வெறுங்காலிலோ பதிய அதுவே போதும். இதன் கடியால் மனிதர்கள் இறந்ததாகப் பதிவு உண்டு.

அடையாளத்துக்குத் தலையை விட்டுவிட்டு விலாவைப் பாருங்கள். நீலப் பவளப்பாம்புக்கு இரு விலாவிலும் வெளிர்நீலப் பட்டை ஓடும். அதற்குக் கீழே வயிறு முழுக்கச் சிவப்பு. ஊர்ந்து போகும்போதே பட்டையின் அடியில் அந்தச் சிவப்பு விளிம்பு தெரியும். கட்டுவிரியனின் வயிறு வெளிறியிருக்கும், முதுகு கூரை முகடு போல நடுவில் உயர்ந்திருக்கும். முகட்டில் ஓடும் ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். இரண்டுமே கடும் நஞ்சுள்ளவை, ஆகவே எதுவென்று உறுதியாகாவிட்டாலும் விலகி நிற்பதில் மாற்றமில்லை.

சிவந்த தலையுள்ள நாணல் பாம்பும் உண்டு. அரை மீட்டருக்குள் முடிந்துவிடும். வால் சிவப்பில்லை, விலாப்பட்டையும் இல்லை, மனிதருக்கு ஆபத்தும் இல்லை. பவளப்பாம்போ 1.8 மீட்டர் வரை வளரும். ஆனால் அதன் குட்டியும் சிறியதுதான், அளவை மட்டும் நம்பாதீர்கள். "சிவப்பும் மஞ்சளும் ஒட்டினால் ஆபத்து" என்ற வாய்ப்பாடு அமெரிக்க இனங்களுக்கானது. இங்கே அதைச் சொல்லித் தருவது தவறான துணிச்சலைத்தான் கொடுக்கும்.

இன்னொன்றைத் தடித்த எழுத்தில் போடுங்கள். மிரண்டால் நீலப் பவளப்பாம்பு தலையைச் சுருளுக்கடியில் ஒளித்து, வாலைத் தூக்கிச் சிவந்த அடிப்பக்கத்தைக் காட்டும். அதைத் தலை என்று நினைத்து மறுமுனைப் பக்கம் கை வைப்பவர், உண்மையான தலைக்கு அருகில் கை வைக்கிறார்.

நச்சியல்:
நீலப் பவளப்பாம்பின் நச்சுச் சுரப்பி தலையோடு நிற்பதில்லை. உடல் நீளத்தில் கால் பங்குக்கு மேல் உள்ளே நீள்கிறது. அதற்கு இடம்விட்டு இதயமே பின்னால் தள்ளி அமைந்திருக்கிறது. முக்கிய இரை மற்ற பாம்புகள், அவற்றில் நஞ்சுள்ளவையும் அடக்கம். மெதுவாக மயங்கும் இரை திருப்பிக் கடித்துவிடும். 2016இல் விவரிக்கப்பட்ட கலியோடாக்ஸின் என்ற நச்சுப்புரதம் இங்கேதான் பொருள்படுகிறது. நரம்பில் சோடியம் நுழையும் நுண்வாயில்களை மூடவிடாமல் தாமதப்படுத்துவதால் தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். நாகத்தின் நஞ்சு தசையைத் தளரச் செய்வது. இது நேர் எதிர். தேள், கூம்பு நத்தை நஞ்சுகளில் தெரிந்திருந்த வழி இது, முதுகெலும்பிகளில் முதன்முதலாகக் கண்டது இந்தப் பாம்பில்தான்.

தடங்காட்டி:
நன்றி. கடிபட்டால் என்ன எழுதுவது? பாம்பை அடித்து எடுத்துவரச் சொல்லலாமா?

முதலுதவி_மலை:
கூடாது. செத்த பாம்பின் தலையும் கடிக்கும். எட்டத்திலிருந்து ஒரு படம், அதுவும் எளிதில் கிடைத்தால் மட்டும்.

மோதிரம், கடிகாரம் கழற்றி, ஆளைப் படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். சுமார் 10 செ.மீ. அகலமுள்ள இழுபடும் கட்டுத்துணியைக் கடிபட்ட கை அல்லது கால் முழுவதும் சுற்றி, சிம்பு (தாங்கு குச்சி) வைத்து அசையாமல் கட்டுங்கள். ஒரு காலுக்குக் குறைந்தது 4.5 மீட்டர் நீளம் தேவை, சிறிய கட்டு பாதியில் தீர்ந்துவிடும். இறுக்கம்: அடுக்குகளுக்கிடையே ஒரு விரல் நுழைய வேண்டும், நாடித்துடிப்பு நிற்கக் கூடாது. கயிற்றால் இறுக்குவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். பிறகு 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள். மருத்துவமனை சேரும்வரை கட்டை அவிழ்க்காதீர்கள்.

இந்தப் பாம்புக்கென்று தனி எதிர்நஞ்சு இல்லை. மூச்சு தளர்ந்தால் செயற்கை சுவாசம்தான் உயிரைப் பிடித்து வைக்கும். அதனால் குறிப்பில் அருகிலுள்ள கிளினிக்கை எழுதாமல், சுவாசக் கருவி உள்ள மருத்துவமனையை எழுதுங்கள். வீக்கமோ வலியோ இல்லையென்று யாரையும் திருப்பி அனுப்பவும் வேண்டாம், 24 மணி நேரமாவது கண்காணிப்பில் இருக்கட்டும்.